விரல் நுனியில் ஒரு கண்ணாடி

ஜெல் நகத்தின் பளபளப்பைப் பார்த்து மயங்குபவர்கள், அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை

டெல்லியின் லாஜ்பத் நகர் சந்தை. துணிக் கடைகளையும், நடைபாதையில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் மெஹந்திக்காரர்களையும் கடந்து போனால், நகங்களுக்காக மட்டுமே நடத்தப்படும் சிறு கடைகள். உள்ளே குறுகலான மேஜை. ஒரு பக்கம் வாடிக்கையாளர், எதிரில் முகமூடி அணிந்த இளம்பெண். நடுவில், கை நுழையும் அளவுக்கு வாய் திறந்த பிளாஸ்டிக் பெட்டி. அதற்குள் ஊதா வெளிச்சம். ஒரு நிமிடம் கழித்துக் கையை வெளியே எடுத்து நகத்தைத் தொட்டுப் பார்க்கும் புது வாடிக்கையாளர் திடுக்கிடுகிறார். பிசுபிசுவென்று ஒட்டுகிறது. காயவில்லையே! எதிரில் இருப்பவர் அசருவதில்லை. சிறு துணித் துண்டை ஆல்கஹாலில் நனைத்து ஒவ்வொரு நகத்தையும் ஒருமுறை துடைக்கிறார். வெளிப்படுகிறது பளபளப்பு. தலைக்கு மேலிருக்கும் குழல் விளக்கு பத்து நகங்களிலும் வெள்ளைக் கோடாகத் தெரிகிறது.

அந்தக் கோடுதான் இந்தத் தொழிலின் தரப் பரிசோதனை. கோடு உடையாமல் ஓடினால் பரப்பு மட்டமாக இருக்கிறது. நெளிந்தால் எங்கோ மேடு பள்ளம். கோடே தெரியாமல் வெளிச்சம் மங்கலாகப் பரவிக் கிடந்தால் வேலை கெட்டுவிட்டது.

சாதாரண நெயில் பாலிஷ் காய்வது எளிய சங்கதி. கரைப்பான் ஆவியாகிவிடும், கரைந்திருந்த நைட்ரோசெல்லுலோஸ் படலமாக மிஞ்சும். ஜெல் காய்வதில்லை, இறுகுகிறது. அதில் இருப்பவை அக்ரிலேட் வகை மூலக்கூறுகளும், ஒளி பட்டதும் விழித்துக்கொள்ளும் ஒரு தூண்டுபொருளும். விளக்கிலிருந்து வரும், பெரும்பாலும் 365 முதல் 405 நானோமீட்டர் அலைநீளமுள்ள கதிர்கள் பட்டவுடன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து வலையாகிவிடுகின்றன. பல் மருத்துவர் சொத்தைப் பல்லை அடைத்துவிட்டு நீல விளக்கைக் காட்டுகிறாரே, அதே வித்தை. பல் சிகிச்சைக்கான அக்ரிலிக்கிலிருந்துதான் செயற்கை நகத் தொழிலே பிறந்தது. 1980களில் அமெரிக்காவில் வந்த ஜெல் நகங்கள் அப்போது எடுபடவில்லை. பாலிஷ் போலவே பாட்டிலிலிருந்து எடுத்துப் பூசக்கூடிய ஜெல் 2010 வாக்கில் பரவிய பிறகுதான் உலகெங்கும் கடைகள் முளைத்தன.

பிசுபிசுப்புக்குக் காரணம் காற்றிலுள்ள ஆக்சிஜன். மேல்மட்டத்தில் இருக்கும் மூலக்கூறுகள் கைகோப்பதை அது தடுத்துவிடுவதால் மெல்லிய ஏடு ஒன்று இறுகாமல் நின்றுவிடுகிறது. துடைத்து எடுப்பது அதைத்தான். துடைக்கவே தேவையில்லாத மேல்பூச்சுகளும் இப்போது கிடைக்கின்றன.

பளபளப்பு கடைசிப் பூச்சின் குணம் என்றே வாடிக்கையாளர்கள் நினைக்கிறார்கள். பாதிதான் உண்மை. பட்டி பார்க்காத சுவரில் எத்தனை விலை உயர்ந்த பெயிண்ட் அடித்து என்ன பயன்? நகமும் அப்படித்தான். ஓரத்துத் தோலைப் பின்னுக்குத் தள்ளி, நகத்தின்மேல் ஒட்டியிருக்கும் செத்த தோலைச் சுரண்டி எடுக்க வேண்டும். மேற்பரப்பின் இயல்பான மினுக்கத்தை மெல்லிய அரத்தால் லேசாகப் போக்க வேண்டும். லேசாகத்தான், அழுத்தித் தேய்த்தால் நகமே மெலிந்துவிடும். பிறகு தூசு தட்டி, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, அடிப்பூச்சால் நகத்தின் வரிகளை நிரப்ப வேண்டும். மருதாணி நகத்துக்குள் ஊறிப் பிடித்துக்கொள்ளும். ஜெல் மேலே உட்காரும் சரக்கு. உட்காரும் இடம் சரியில்லை என்றால் சில நாட்களிலேயே ஓரம் கிளம்பிவிடும்.

நிறத்தைத் தடிமனாக ஒரே பூச்சில் முடிக்கும் அவசரம்தான் பெரிய எதிரி. சாயம் கதிர்களை மறைக்கும். மேலே இறுகி அடியில் கூழாகவே இருக்கும் பூச்சு சுருக்கம் விழுந்துவிடும். கறுப்பும் கருநீலமும் இதில் படுமோசம். மெல்லிய இரண்டு பூச்சுகள், ஒவ்வொன்றுக்கும் தனியாக விளக்கு என்பதே பாதுகாப்பான வழி. மேல்பூச்சை மட்டும் கொஞ்சம் தாராளமாக வைத்து, நகத்தின் நுனி விளிம்பையும் மூடி, தானாகவே பரவி மட்டமாகச் சில விநாடிகள் விட வேண்டும். இந்தச் சில விநாடிகளில்தான் தேர்ந்த கையும் அவசரக் கையும் பிரிகின்றன.

டெல்லியின் பருவங்களும் தம் பங்குக்கு விளையாடுகின்றன. ஜனவரிக் குளிரில் ஜெல் தேனைப் போல் கெட்டியாகி, தூரிகைத் தடம் மறைவதற்குள் விளக்குக்குப் போய்விடும். கோடையில் வேறு தொல்லை. ஜன்னலோரம் திறந்து வைத்த ஜெல்லை வெயிலே இறுக்கிவிடும். ஈரமான மேல்பூச்சில் வந்து உட்காரும் தூசுக்கோ பருவமே கிடையாது.

எல்லாம் சரியாக நடந்தும் கடைசித் துடைப்பில் கோட்டைவிடுவது உண்டு. நகம் சூடாக இருக்கும்போதே துடைத்தால் மங்கும். ஒரே துணியால் பத்து விரலையும் துடைத்தால், முதல் நகத்தின் பிசுக்கு பத்தாவது நகத்தில் பூசப்படும். ஆல்கஹாலுக்குப் பதில் அசிட்டோன் பட்டாலும் பளபளப்பு போய்விடும். கட்டைவிரல் தனிக் கேஸ். நான்கு விரல்களோடு சேர்த்து வைத்தால் அது பக்கவாட்டில் சாய்ந்துகொள்ளும். ஒரு பக்கம் கதிரே படாது. அதைத் தனியாக நீட்டச் சொல்ல வேண்டும்.

ஆனால் கண்ணாடி போன்ற பளபளப்பு மேற்பரப்புக்கு மட்டுமே நற்சான்று. பழைய விளக்கு, பொருந்தாத விளக்கு, தடித்த பூச்சு ஆகியவற்றால் அடியில் அரைகுறையாக இறுகிய ஜெல்லை அது மறைத்தும் வைக்கும். இறுகாத அக்ரிலேட் தோலில் திரும்பத் திரும்பப் படும்போது சிலருக்கு ஒவ்வாமை தொடங்குகிறது. விரல் நுனியில் அரிப்பு, தோல் வெடிப்பு, நகம் தசையிலிருந்து விலகுவது எனத் தொடங்கி, கை பட்ட இடமான கண் இமை, கன்னம்வரை தடிப்பு வரும். ஒருமுறை வந்த ஒவ்வாமை பெரும்பாலும் ஆயுளுக்கும் நீடிக்கும். நகத்தோடு விட்டாலும் பரவாயில்லை. பல் அடைப்பிலும் மூட்டு மாற்று அறுவையில் பயன்படும் எலும்புச் சிமென்ட்டிலும் அதே குடும்பத்துப் பொருள்கள் இருப்பதால், நாளைய சிகிச்சையும் சிக்கலாகலாம். பிரிட்டனின் தோல் மருத்துவர்கள் சங்கம் 2018இல் இதுபற்றி எச்சரித்தது. இவ்வகையில் அடிக்கடி தொல்லை தரும் ‘ஹெமா’ கலந்த நகப்பூச்சுகளைத் தொழில்முறைப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று 2020ஆம் ஆண்டு விதியொன்றின் மூலம் ஐரோப்பிய ஒன்றியம் கட்டுப்படுத்தியது. பல ஜெல்களில் தூண்டுபொருளாக இருந்த டிபிஓவுக்கு 2025 செப்டம்பர் 1 முதல் அங்கே தடையே வந்துவிட்டது. இதையெல்லாம் அறியாமல் மலிவான விளக்கும் ஜெல்லும் சேர்ந்த பெட்டியைத் தபாலில் வரவழைத்து வீட்டிலேயே பூசிக்கொள்பவர்கள் இங்கே ஏராளம். தோலில் வழிந்ததை விளக்குக்கு முன்பே துடைக்க வேண்டும் என்ற எளிய விதிகூடப் பலருக்குத் தெரியாது.

விளக்கைப் பற்றிய அச்சம் தனி. அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக (சான் டியேகோ) ஆய்வாளர்கள் 2023 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வில், இவ்வகை விளக்கின் கீழ் 20 நிமிடம் வைத்த உயிரணுக்களில் 20 முதல் 30 சதவீதம் செத்தன. மரபணுச் சேதமும் தென்பட்டது. அது ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்த உயிரணுக்களில் நடந்த சோதனை. மனிதரின் கையில் புற்றுநோய் வரும் என்று அது நிரூபிக்கவில்லை. விரல் நுனி மட்டும் தெரியும் கையுறையோ சன்ஸ்கிரீனோ போட்டுக்கொள்வதில் நஷ்டமில்லை.

வாடிக்கையாளர் மாதம் ஒருமுறை வருகிறார். மேஜைக்கு எதிர்ப்பக்கம் இருப்பவர் தினமும், நாள் முழுக்க. டெல்லியின் அழகு நிலையங்களில் வேலை பார்ப்பவர்களில் மணிப்பூர், மிசோரம், நாகாலாந்து உள்ளிட்ட வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்த பெண்கள் கணிசம். அரத்தூளைச் சுவாசிப்பதும், ஜெல் ஒட்டிய தூரிகையைப் பிடிப்பதும் அவர்கள்தாம். பலர் அணியும் லேட்டக்ஸ் கையுறையை அக்ரிலேட் சீக்கிரமே ஊடுருவிவிடும். நைட்ரைல் கையுறை மேல். அதையும் அடிக்கடி மாற்ற வேண்டும். மாற்றுவதற்குச் செலவாகும் என்பதுதான் பிரச்சினை. ஒவ்வாமை வந்துவிட்டால் வாடிக்கையாளருக்குப் போவது ஒரு அலங்காரம். இவர்களுக்குப் போவது பிழைப்பு.

இரண்டு மூன்று வாரங்களில் நகம் வளர்ந்து அடியில் இடைவெளி தெரியத் தொடங்கும். முறைப்படி எடுப்பதென்றால் மேல்பூச்சை அரத்தால் தேய்த்து, அசிட்டோனில் நனைத்த பஞ்சை வைத்து அலுமினியத் தாளால் சுற்றி, 10 முதல் 15 நிமிடம் பொறுக்க வேண்டும். பொறுமையில்லாதவர்கள் பஸ்ஸிலும் மெட்ரோவிலும் உட்கார்ந்தபடியே உரித்துப் போடுகிறார்கள். பூச்சோடு நகத்தின் மேலடுக்கும் சேர்ந்து வரும். கைநகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். உரிந்த நகம் முழுசாக மாறி வர ஆறு மாதம் ஆகலாம்.