முந்திரிக்கொத்து கேட்டு வாங்குங்கள்

முட்டம் கலங்கரை விளக்கமும் கடற்கரைப் பாறைகளும் பார்த்துத் திரும்பும் நேயர்களே, வழியில் பழைய பலகாரக் கடை கண்டால் முந்திரிக்கொத்து கேளுங்கள். குமரி மாவட்டத்தின் பெருமைக்குரிய இனிப்பு அது. வறுத்துப் பொடித்த சிறுபயறு, ஈரம் போக வறுத்த தேங்காய்த் துருவல், எள், ஏலக்காய் எல்லாம் சேர்த்து, வெல்லப்பாகோ கருப்பட்டிப் பாகோ ஊற்றிச் சூட்டோடு உருட்டுவார்கள். மூன்று உருண்டைகளைச் சேர்த்தெடுத்து அரிசிமாவில் முக்கிப் பொரிப்பார்கள். மேல்தோடு மொறுமொறுக்கும், உள்ளே பயறு பொலபொலவென உதிரும். பல நாள் கெடாது. தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் வீட்டில் சுட்ட பலகாரத்தை இன்று பலரும் கடையில்தான் வாங்குகிறோம். கண்ணாடிப் பரணியிலிருந்து எடுத்துத் தாளில் பொட்டலம் கட்டித் தரும் சின்னக் கடைகளை விட்டுவிடாதீர்கள். பிள்ளைகளையும் கூட்டிப்போய் வாங்கிக் கொடுங்கள்.