ஐசி போச்சா? அவசரப்படாதீங்க பாஸ்!

“கோடு ஏறிடுச்சு மச்சி... ஆனா எல்இடி எரியலையே!” ப்ராஜெக்ட் சீசன்ல பெரம்பலூர், அரியலூர் பக்கம் எந்த ஈசிஇ லேபுக்குள்ள நுழைஞ்சாலும் இந்தப் புலம்பல் கேட்கும். கம்ப்யூட்டர் ‘சக்சஸ்’னு சொல்லுது. மைக்ரோகன்ட்ரோலரோ பிடிச்சு வெச்ச பிள்ளையாரா உட்கார்ந்திருக்கு. உடனே ‘ஐசி போச்சு’னு தீர்ப்பு. புதுசு வாங்க திருச்சிக்கு பஸ். அதுவும் ஓடலைன்னா, ரெடிமேட் ப்ராஜெக்ட் விக்கிற சென்டர். மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் வித்து அப்பா கொடுத்த காசு அங்கே கரையும். வைவால ‘இது எப்படிப்பா வேலை செய்யுது?’னு கேட்டா முழிதான்!

கொஞ்சம் பொறுங்க. கோடு ஏறுறது வேற, ஓடுறது வேற. ப்ரோக்ராமர் சாக்கெட்ல இருக்கறப்போ சப்ளை, க்ளாக் எல்லாத்தையும் அதுவே கொடுத்துடும். உங்க போர்டுக்கு வந்துட்டா நீங்கதான் கொடுக்கணும். பல நேரம் ஐசி நல்லாத்தான் இருக்கும், சுத்தி இருக்கற நாலு கம்பிதான் வில்லன்.

இன்டெல் 1980-ல கொண்டுவந்த 8051 குடும்பத்துல பிறந்த ஏடி89எஸ்52-ஐ எடுத்துப்போம். மொத்தம் 40 கால். கையில ஒரு மல்டிமீட்டர் இருந்தா இந்த வரிசையில பாருங்க.

சப்ளை: 40-க்கும் 20-க்கும் நடுவுல 5 வோல்ட் இருக்கணும். சப்ளை பாக்ஸ்ல பார்க்காதீங்க, ஐசி கால்லயே மீட்டரை வைங்க. ப்ரெட்போர்டு லூஸா இருந்தா இங்கேயே மாட்டிக்கும்.

31-ம் கால்: பேரு ஈஏ. இதை 5 வோல்ட்ல கட்டணும். கிரவுண்ட்ல கட்டிட்டா, ப்ரோக்ராம் வெளி மெமரியில இருக்குனு நினைச்சு ஐசி அங்கே தேடும். நீங்க உள்ளே ஏத்தின கோடு சும்மா தூங்கும்.

9-ம் கால்: ரீசெட். ஓடும்போது இது 0 வோல்ட் பக்கத்துல இருக்கணும். 5 வோல்ட்லயே நின்னா, ஐசி ஆரம்பிக்கவே இல்லைனு அர்த்தம்.

18, 19: க்ரிஸ்டலும் ரெண்டு 33 பிகோஃபேரட் கெப்பாசிட்டரும். கம்பியை நீளமா இழுக்காம காலுக்கு ஒட்டியே வைங்க. லேப்ல ஆஸிலோஸ்கோப் கிடைச்சா 30-ம் கால்ல வெச்சுப் பாருங்க. க்ரிஸ்டல் 11.0592 மெகாஹெர்ட்ஸ்னா அங்கே ஆறுல ஒரு பங்கு, 1.8432 மெகாஹெர்ட்ஸ் துடிக்கும். துடிச்சா க்ளாக் ஓகே!

இன்னொரு கூத்தும் உண்டு. கோடு ஓடிக்கிட்டே இருக்கும், ஆனா வெளியே தெரியாது. 32 முதல் 39 வரை இருக்கற போர்ட் 0-க்கு உள்ளே புல்-அப் கிடையாது. வெளியே 10 கிலோ ஓம் போடுங்க.

சரி, லேப்ல ஓடுது. வயல்ல பம்ப் மோட்டாரை ஆஃப் பண்ணினா மட்டும் முதல்ல இருந்து ஆரம்பிக்குதா? ரிலே காயில்ல இருந்து திரும்பி வர்ற மின் அதிர்ச்சி ரீசெட் பண்ணிடலாம். காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டையோடைத் தலைகீழா போடுங்க. 40, 20 பக்கத்துல ஒரு 104 கெப்பாசிட்டர் வைங்க.

இதுக்காக வெட்கப்பட வேண்டாம். 1997-ல செவ்வாய்ல இறங்கின நாசாவோட பாத்ஃபைண்டரும் இப்படித்தான் அடிக்கடி ரீசெட் ஆச்சு. அங்கே வில்லன் சாஃப்ட்வேர். பூமியில இருந்த அதே மாதிரி சிஸ்டத்துல அதே கோளாறை வரவழைச்சுதான் காரணத்தைப் பிடிச்சாங்க. செவ்வாய்க்கு பஸ் ஏறி ஐசி மாத்த முடியாதே!

ஆர்டுயினோ பார்ட்டிகளுக்கும் இதே வரிசைதான்: சப்ளை, ரீசெட், க்ளாக். ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க. மாத்தினதை நோட்டுல குறிச்சு வைங்க. மூணை ஒண்ணா மாத்தி ஓடிடுச்சுன்னா, எது சரிபண்ணுச்சுனு உங்களுக்கே தெரியாது. வைவாக்கு முந்தின நாள் ராத்திரி அந்த நோட்டைப் புரட்டுங்க. எக்ஸ்டர்னல் என்ன கேட்டாலும் பதில் உங்க கையெழுத்துலயே இருக்கும்!