இரவல் நடை

மூளை முடக்குவாதம் உள்ள தன் பேத்தியைக் குதிரையில் ஏற்றினால் நடந்துவிடுவாளா என்று ஒரு வாசகர் கேட்டு எழுதியிருக்கிறார். அப்படி வாக்குக் கொடுப்பவர்களிடம் பணம் கட்ட வேண்டாம் என்பதே அவருக்குச் சொல்லக்கூடிய முதல் பதில். ஆனால் ஒட்டகம், மாடு எல்லாம் இருக்க, உடம்பைப் பழக்கும் சிகிச்சைக்குக் குதிரையை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதில் ஒரு விசித்திரம் இருக்கிறது.

குதிரை மெல்ல நடக்கும்போது நான்கு குளம்புகளும் ஒவ்வொன்றாகத் தரையில் படும். பின்னங்கால் ஒவ்வொன்றும் முன்னே வரும்போது அதன் உடல் ஒரு பக்கம் அசைந்துகொடுக்கும். மேலே உட்கார்ந்திருப்பவரின் இடுப்பு முன்னும் பின்னும், இடமும் வலமும் ஆடி, சற்றே திரும்பவும் செய்யும். மனிதர் நடக்கும்போதும் இடுப்பு ஏறத்தாழ இப்படித்தான் அசைகிறது. வேகமும் ஒத்துப்போகிறது: நிமிடத்துக்குச் சுமார் 100 அசைவுகள். அப்பாவின் பாதங்கள்மேல் ஏறி நின்று கூடம் முழுக்க நடக்கும் குழந்தையைப் போல, இதுவரை நடந்தே இராத உடம்பு நடையின் தாளத்தை இரவல் வாங்கிக்கொள்கிறது. கால்களுக்கு வேலை குறைவு. நிமிர்ந்து உட்கார்ந்திருக்க முதுகும் வயிறும் கழுத்தும்தான் ஓயாமல் பாடுபடுகின்றன.

குதிரை ஓடத் தொடங்கினால் இந்தப் பொருத்தம் போய்விடும். அதனால் இப்படிப்பட்ட சிகிச்சை மையத்துக்குப் போகிறவர்கள் பாய்ச்சலை எதிர்பார்க்கக்கூடாது. அங்கே இருப்பது சக்கர நாற்காலி ஏறுவதற்கான சாய்தளம், முன்னால் குதிரையைப் பிடித்து நடத்த ஒருவர், இருபுறமும் குழந்தையின் தொடையைத் தாங்கியபடி நடக்க இரண்டு பேர், குதிரையைவிடக் குழந்தையின் முதுகையே பார்த்துக்கொண்டு வரும் இயன்முறை மருத்துவர். பல நேரங்களில் சேணம்கூட இருக்காது. தடித்த மெத்தையும் கைப்பிடி வைத்த வாரும் போதும். குதிரையை வட்டமாக நடத்துவார்கள், நிறுத்துவார்கள், மறுபடி கிளப்புவார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் உடம்பு தன்னைச் சரிசெய்துகொள்ள வேண்டும். குழந்தையை வால் பக்கம் பார்த்து உட்கார வைப்பதும் உண்டு. பிள்ளைகளுக்கு அது விளையாட்டு, தசைகளுக்குக் கடும் பயிற்சி.

2003இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மூளை முடக்குவாதம் உள்ள 15 குழந்தைகளைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். சிலரை 8 நிமிடம் நடக்கும் குதிரைமேலும், மற்றவர்களை அதே நேரம் அசையாத பீப்பாய்மேலும் உட்கார வைத்தார்கள். குதிரையில் போனவர்களுக்கு இடது, வலது தசைகள் இயங்குவதில் இருந்த ஏற்றத்தாழ்வு குறைந்தது. பீப்பாயில் உட்கார்ந்தவர்களிடம் அப்படிக் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. சிறிய ஆய்வுதான். அந்த மாற்றம் நிலைக்குமா என்பதை 8 நிமிடம் சொல்லிவிடாது.

இந்தத் துறை பரவியதில் டென்மார்க்கின் லிஸ் ஹார்டெலுக்குப் பெரிய பங்கு உண்டு. 1944இல், கருவுற்றிருந்தபோது, போலியோ தாக்கி முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர். குதிரையில் ஏறவும் இறங்கவும் பிறர் உதவி வேண்டும். அப்படியே 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 'ஜூபிலி' என்ற குதிரையோடு வெள்ளி வென்றார்; 1956இல் இன்னொரு வெள்ளி. பிரிட்டனில் மாற்றுத்திறனாளிகள் சவாரிச் சங்கம் 1969இல் உருவானது; சிங்கப்பூரிலும் 1982 முதல் அப்படி ஒன்று இயங்குகிறது.

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் குதிரையில் பிள்ளையை உட்கார வைத்தால் இதே பலன் வராதா என்று கேட்பவர்கள் உண்டு. மகிழ்ச்சி வரலாம், சிகிச்சை ஆகாது. ஆபத்தும் உண்டு: டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தின் மேல் மூட்டு தளர்ந்திருக்கும். அவர்களை மருத்துவர் பார்க்காமல் குதிரையில் ஏற்றக்கூடாது. அதோடு, லாடம் தேய்ந்து ஒரு காலை இழுத்து நடக்கும் குதிரை அந்தக் கோணல் நடையைத்தானே மேலே இருப்பவருக்கும் கொடுக்கும்? குளம்பைப் பார்ப்பதும் லாடம் அடிப்பதும்கூடச் சிகிச்சையின் பகுதி. ஒரு பக்கமே சாய்ந்து உட்காருபவர்களைச் சுமந்து சுமந்து குதிரையின் முதுகும் இறுகிப்போகும். அதனால் நல்ல மையங்களில் தேர்ந்த சவாரிக்காரர்கள் குதிரைகளை இடையிடையே வெளியே ஓட்டிப் போய் உடம்பைத் தளர்த்திக் கொண்டுவருகிறார்கள். பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்கள் கட்டணத்தை விசாரிக்கும்போது, குதிரைக்கு எப்போது ஓய்வு கொடுக்கிறார்கள் என்றும் கேட்டுப் பார்க்கலாம்.