குளிர்ந்து ஓடும் எஞ்சின்

சயானில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று, செம்பூரைக் கடந்து, மான்குர்து வரையில் ஊர்ந்து வந்த வண்டி, தாணே கடற்கழியின் மேலுள்ள பாலத்தில் ஏறியதும் வேகம் கொள்ளுகிறது. காற்று முன்புறம் வந்து மோதுகிறது. அதுவரையில் நடுவிலே நின்ற உஷ்ணமானியின் முள், பாலத்தின்மீதே சரியத் தொடங்கி, வாஷியைத் தாண்டி நேருல் வருவதற்குள் குளிர்ச்சியைக் குறிக்கும் கீழ்க்கோட்டை நெருங்கிவிடுகிறது. ஓட்டுபவருக்கு மகிழ்ச்சி. ‘எஞ்சின் எவ்வளவு குளிர்ச்சியாக ஓடுகிறது, பார்த்தீரா!’ என்று பக்கத்திலிருப்பவரிடம் பெருமைப்பட்டுக்கொள்ளவும் செய்கிறார். அந்த மகிழ்ச்சிக்கு இடமில்லை என்பதையே இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

எஞ்சின் கொதித்துவிடுமோ என்று அஞ்சாதவர் நம்மில் எவருமில்லை. ஆனால் அது வேண்டிய அளவு சூடேறாமல் ஓடுவதும் ஒரு நோயே என்பதை அறிந்தவர் சிலரே. பெட்ரோல் எரிவதால் உண்டாகும் உஷ்ணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றும் வேலையாக மாறுகிறது. மற்றொரு பங்கு புகையோடு வெளியேற, எஞ்சியதைச் சுற்றியோடும் நீர் வாங்கிக்கொண்டு ரேடியேட்டரில் விட்டுவிடுகிறது. இந்த நீர் பெரும்பாலான கார்களில் சுமார் 80 முதல் 100 டிகிரி செல்ஸியஸ் வரையுள்ள உஷ்ணத்தில் இருக்க வேண்டும் என்று கணக்கிட்டே உலோகப் பகுதிகளின் இடைவெளிகளும், எண்ணெயின் தன்மையும், எரிபொருளின் அளவும் அமைக்கப்பட்டிருக்கின்றன.

இந்த உஷ்ணத்தைக் காப்பது தெர்மோஸ்டாட் என்னும் சிறு வால்வு. ஏரியின் மதகைப் போன்றது அது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடிக்கொண்டு, நீரை ரேடியேட்டருக்குச் செல்லவிடாமல் எஞ்சினுக்குள்ளேயே சுழலச் செய்கிறது. குறித்த உஷ்ணம் வந்ததும் திறந்துவிடுகிறது. அதன் வயிற்றில் ஒரு சிமிழளவு மெழுகு இருக்கிறது. மெழுகு உருகும்போது பருத்து ஒரு தண்டைத் தள்ளுகிறது. இறுகும்போது வில் அதை மீண்டும் மூடுகிறது. மின்சாரமும் வேண்டாம், மனிதர் கையும் வேண்டாம். 1930-களில் அமெரிக்காவில் செர்ஜியஸ் வெர்னே என்பவர் உருவாக்கிய இந்த மெழுகு வால்வின் வழிவந்ததே இன்றும் நம் கார்களில் வேலை செய்கிறது. இது திறந்தபடியே சிக்கிக்கொண்டாலோ, எவரேனும் இதைக் கழற்றி எறிந்துவிட்டாலோ, நீர் ஓயாமல் ரேடியேட்டருக்குப் போய்வந்துகொண்டேயிருக்கும். நெரிசலில் காற்றோட்டம் இல்லையாதலால் உஷ்ணம் ஓரளவு நிற்கும். வேகமாகச் செல்லும்போது முள் விழுந்துவிடும். பாலத்தின்மேல் நாம் கண்ட காட்சியின் இரகசியம் இதுவே.

கழற்றி எறிவார்களா என்று கேட்கலாம். நம் நாட்டுப் பட்டறைகளில் அது நெடுநாளைய வழக்கம். குர்லாவில் பிரீமியர் தொழிற்சாலை 1964 முதல் தயாரித்துவந்த பியட் 1100 டிலைட், பின்னர் பத்மினி என்று பெயர் பெற்று மும்பையின் டாக்ஸியாகவே ஆகிவிட்டது. 2023 அக்டோபர் 30-ஆம் தேதியோடு அது டாக்ஸிப் பணியிலிருந்து விடைபெற்றது. அந்தக் காலத்து வண்டிகளில் கூலண்டுக்குப் பதில் குழாய் நீரையே ஊற்றுவார்கள். உப்புப் படிந்து வால்வு மூடியபடியே சிக்கிக்கொள்ளும். மலை ஏற்றத்தில் எஞ்சின் கொதிக்கும். இதைப் பலமுறை கண்ட மிஸ்திரி, ‘இந்த ஊர் வெயிலுக்கு இது எதற்கு?’ என்று கழற்றிவிட்டதில் வியப்பில்லை. அவர் அநுபவத்தை நாம் இகழவில்லை. ஆயினும், வெளியே 33 டிகிரி என்பது நமக்குத்தான் வெயில். 90 டிகிரியில் வேலை செய்ய வேண்டிய எஞ்சினுக்கு அது குளிரே. மேலும், சில எஞ்சின்களில் இந்த வால்வு திறக்கும்போதே உட்சுற்றுப் பாதையை அடைக்கும்படி அமைந்திருக்கிறது. அவற்றில் வால்வை நீக்கினால் நீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் உள்ளேயே சுற்றும். கொதிப்பைத் தடுக்கச் செய்த காரியமே கொதிப்புக்குக் காரணமாகிவிடும்.

குளிர்ந்து ஓடுவதால் என்ன நஷ்டம்? முதலாவது, எரிபொருள். இன்றைய கார்களை நிர்வகிக்கும் மின்னணுப் பெட்டி, எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று எண்ணி அதிகப் பெட்ரோலைச் செலுத்தக்கூடும். இரண்டாவது, தேய்மானம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாக உண்டாகிறது என்பது பலருக்குப் புதுமையாக இருக்கும். சூடான எஞ்சினில் அது புகையோடு போய்விடும். குளிர்ந்த எஞ்சினிலோ அதில் ஒரு பகுதி சிலிண்டர்ச் சுவரில் வியர்த்து, புகையிலுள்ள அமிலப் பொருள்களோடு கலந்து இரும்பை அரிக்கிறது. பின்பு எண்ணெயிலும் இறங்குகிறது. எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் வெண்ணெய் போன்ற களிம்பு படிவது இதனாலேயே. கூலண்டும் குறைந்துவந்தால் மட்டும், அக்களிம்பு ஹெட் கேஸ்கட் பழுதின் அடையாளமாகவும் இருக்கலாம்.

மும்பையில் இதற்கு மற்றொரு முகமும் உண்டு. இங்கே டாக்ஸிகளும் பல சொந்தக் கார்களும் சி.என்.ஜி. என்னும் இயற்கை வாயுவில் ஓடுகின்றன. உருளையில் சுமார் 200 பார் அழுத்தத்தில் அடைபட்ட வாயு, அழுத்தம் குறைக்கும் கருவியில் விரியும்போது கடுங்குளிர் உண்டாகிறது. அக்கருவி உறைந்துபோகாமலிருக்க எஞ்சினின் சுடுநீரையே அதற்குள்ளும் சுற்றவிடுகிறார்கள். நீர் சூடாகாவிட்டால் பெட்ரோலிலிருந்து வாயுவுக்கு மாறுவது தாமதப்படும், வண்டி குலுங்கும். வாயுக் கருவியைக் குறைகூறிப் பணம் செலவழித்த பிறகு, குற்றம் தெர்மோஸ்டாட்டில் என்று தெரியவருவதும் உண்டு.

இனி, நோயைக் கண்டறியும் வகை. எல்லாவற்றுக்கும் முதலாக, எஞ்சின் முற்றிலும் ஆறிய பின் கூலண்டின் மட்டத்தைப் பார்த்துவிட வேண்டும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. இதை ஏன் முதலில் வைக்கிறோம் என்றால், உஷ்ணத்தை அறியும் சென்ஸார் நீரில் மூழ்கியிருந்தால்தான் உண்மை சொல்லும். நீர் வற்றி அது வெற்றிடத்தில் நின்றால், எஞ்சின் தீய்ந்துகொண்டிருக்கும்போதே முள் ‘குளிர்ச்சி’ என்று காட்டக்கூடும். நமக்குத் தெரிந்த குடும்பத்தினர் ஒருவர் திருநெல்வேலிக்குக் காரிலேயே புறப்பட்டார்கள். 1,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி. கிளம்புமுன் வண்டியைப் பார்த்த பட்டறைக்காரர், முள் தாழ்ந்திருப்பது நல்லதே என்று சொல்லியனுப்பினார். கோபோலி அடிவாரத்திலிருந்து, சுமார் 600 மீட்டர் உயரத்திலுள்ள லோணாவளாவுக்கு ஏறும் மலைப்பாதையில், முள் கீழே கிடக்கும்போதே முன்மூடியின் கீழிருந்து நீராவி எழுந்தது. ஒரு ஹோஸ் பைப்பு கசிந்து நீரெல்லாம் போய்விட்டிருந்தது. சிலிண்டர் ஹெட் வளைந்துவிட்டது. பண்டிகைக்கு ஊர் போய்ச் சேர வேண்டியவர்கள், குழந்தைகளோடு லோணாவளாவிலேயே தங்க நேர்ந்தது.

கூலண்ட் சரியாக இருந்தால், முள்ளின் போக்கைக் கவனிக்க வேண்டும். நெரிசலில் நடுவுக்கு வந்து, வேகத்தில் விழுந்தால் தெர்மோஸ்டாட்டின்மீதே சந்தேகம் கொள்ளலாம். எப்போதுமே அடியில் கிடந்தால் சென்ஸாரையோ, கம்பி இணைப்பையோ, மானியையோ ஐயுற வேண்டும். பல புதிய கார்களில் முள்ளே கிடையாது. குளிர்ந்திருப்பதைக் காட்டும் நீல விளக்கு மட்டுமே உண்டு. அது வழக்கத்தைவிட நெடுநேரம் அணையாதிருப்பதும் ஓர் அறிகுறியே.

அடுத்தது கையால் செய்யும் சோதனை. காலையில் முதன்முறையாக எஞ்சினைக் கிளப்பி, குளிர்சாதனத்தை நிறுத்திவைத்து, ரேடியேட்டருக்குச் செல்லும் மேற்குழாயை அவ்வப்போது தொட்டுப்பார்க்கலாம். சேலைத் தலைப்பையும் துண்டையும் விசிறியருகில் கொண்டுபோகலாகாது. மின்விசிறி முன்னறிவிப்பின்றிச் சுழலத் தொடங்கும். வால்வு நல்லதாயின் அக்குழாய் பல நிமிஷங்கள் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சூடாகும். முதலிலிருந்தே சிறுகச் சிறுக வெதுவெதுப்பு ஏறினால் வால்வு திறந்தே கிடக்கிறது என்று பொருள். சில எஞ்சின்களில் வால்வு கீழ்க்குழாயின் பக்கம் இருக்கும். அவற்றில் அதையே கவனிக்க வேண்டும். இச்சமயத்திலேயே விசிறியையும் பார்த்துவிடலாம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே அது சுழன்றால், ரிலே ஒட்டிக்கொண்டிருக்கலாம். அல்லது எவரோ கம்பியை ‘டைரக்ட்’ கொடுத்திருக்கலாம். பின்னதையே நாம் அதிகமாகக் காண்கிறோம்.

ஸ்டியரிங்கின் கீழுள்ள துளையில் செருகும் ஓ.பி.டி. கருவி கிடைத்தால் வேலை எளிது. இரவு முழுவதும் நின்ற வண்டியில், கூலண்டின் உஷ்ணமும் உள்ளிழுக்கும் காற்றின் உஷ்ணமும் ஏறக்குறைய ஒன்றாகவே காட்ட வேண்டும். வெகுவாக மாறுபட்டால் ஏதேனும் ஒரு சென்ஸார் பொய் சொல்லுகிறது. ‘பி 0128’ என்ற குறி தோன்றினால், கூலண்ட் உரிய உஷ்ணத்தை எட்டவில்லை என்பது பொருள். அக்குறி தெர்மோஸ்டாட்டை நோக்கி விரல் காட்டுகிறதேயன்றித் தீர்ப்புச் சொல்லுவதில்லை.

கழற்றிய வால்வைச் சமையலறையிலேயே பரீட்சிக்கலாம். பாத்திரத்து நீரில் அதை நூலில் கட்டித் தொங்கவிட்டு, உஷ்ணமானியும் வைத்து அடுப்பேற்ற வேண்டும். 82 என்று அதன்மேல் பொறித்திருந்தால் அந்த உஷ்ணத்தை ஒட்டித் திறக்கத் தொடங்கி, இன்னும் பத்துப் பன்னிரண்டு டிகிரி ஏறுவதற்குள் நன்றாகத் திறந்துவிட வேண்டும். குளிர்ந்த நீரிலேயே இடைவெளி தெரிந்தால் வேறு சான்று வேண்டியதில்லை. அந்தப் பாத்திரத்தை மீண்டும் சமையலுக்குக் கொள்ளலாகாது, கூலண்ட் நஞ்சு.

புது வால்வு வாங்கும்போது அதே டிகிரி உடையதையே கேட்டு வாங்க வேண்டும். ‘நம் ஊருக்குக் குறைந்த டிகிரி போதும்’ என்ற யோசனையை ஏற்க வேண்டாம். கேஸ்கட்டையும் புதிதாக இட்டு, கூலண்டை நிரப்பி, உள்ளே தங்கிய காற்றை முற்றிலும் வெளியேற்றச் சொல்ல வேண்டும். பின்பு ஒருநாள் விடியற்காலையில், சாலை காலியாக இருக்கும்போது, செம்பூரிலிருந்து பாலத்தின் மேலாக வாஷி வரையில் ஓட்டிச் சென்று திரும்பலாம். போகும்போதும் வரும்போதும் முள் இருந்த இடத்திலேயே நின்றால் ஊருக்குப் புறப்படலாம்.