படி ஏறாதோர் சங்கம்

கூடத்துக்குள் யார்? – 7

நியூயார்க் மாநிலத்தில் வசேயிக் என்றொரு சிற்றூர். அங்கே ஏழு தளங்கள் கொண்ட பழைய தானிய ஆலை ஒன்று இப்போது கலைக் கண்காட்சிக் கூடமாக இருக்கிறது. மேலே போகப் படிக்கட்டு மட்டும்தான், லிஃப்ட் கிடையாது. அந்தக் கூடத்தில் படைப்பு வைக்கும் வாய்ப்பு ஷானன் ஃபின்னெகன் என்ற மாற்றுத்திறனாளிக் கலைஞருக்குக் கிடைத்தது. அவர் தரைத்தளத்தில் ஓர் ஓய்வறை அமைத்தார். கதவில் எண் பூட்டு. மாடிக்குப் போக மாட்டேன் என்று கையெழுத்துப் போடுகிறவருக்கு மட்டுமே எண் சொல்லப்படும். உள்ளே சாய்ந்து உட்கார இருக்கைகள், புத்தகங்கள், மிட்டாய், குளிர்ந்த சோடா. 'ஆன்டி ஸ்டேர்ஸ் கிளப் லவுஞ்ச்' என்று பெயர் வைத்தார். நம் வழக்கில் சொன்னால், படி ஏறாதோர் சங்கம்.

மிட்டாயும் சோடாவும் விளையாட்டாகத் தெரியும். ஆனால் குத்தல் பலமானது. ஏழு மாடியும் ஏறத் தெம்புள்ளவருக்கு அந்த ஓர் அறை மட்டும் இல்லை. அதைப் பார்த்தே தீர வேண்டுமென்றால் மற்ற தளங்களை அவர் விட்டுவிட வேண்டும். படிக்கட்டின் அடியிலேயே நின்று திரும்பிப் போகிறவர்களுக்கு இது ஒவ்வொரு கண்காட்சியிலும் நடப்பதுதான்.

2019 மார்ச்சில் மன்ஹாட்டனின் ஹட்சன் யார்ட்ஸ் பகுதியில் 'வெசல்' திறக்கப்பட்டது. தாமஸ் ஹெதர்விக் வடிவமைத்த அந்தக் கட்டுமானத்தில் பார்க்க வேண்டியதே படிகள்தான்: ஏறத்தாழ 2,500. லிஃப்ட் இருந்தது, ஆனாலும் பெரும்பாலான தளங்களுக்குச் சக்கர நாற்காலியில் போக வழி இருக்கவில்லை. ஃபின்னெகன் அழைத்ததும் சுமார் 50 பேர் அங்கே கூடினார்கள். வாழ்நாளில் இதன் ஒரு படிகூட ஏற மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில், சக்கர நாற்காலிகளை மேல்தளங்களுக்குக் கொண்டு செல்லும் அமைப்பைப் பொருத்துவதாக உரிமையாளர்கள் அமெரிக்க அரசுடன் உடன்பாடு செய்துகொண்டனர்.

கலைக்கூடங்களுக்காகவே ஃபின்னெகன் செய்த இன்னொரு படைப்பு, பெஞ்ச். நீல நிறம், அதன்மேல் கையால் எழுதியதுபோல வெள்ளை எழுத்து. இந்தக் கண்காட்சி என்னை ரொம்ப நேரம் நிற்க வைத்துவிட்டது, உனக்கும் அப்படித்தான் என்றால் உட்கார் என்ற பொருளில் அதில் எழுதியிருக்கும். அது சுவரில் மாட்டிய படைப்புகளுக்குச் சமமான படைப்பு. அதே சமயம் உண்மையிலேயே உட்காரலாம். முழங்கால் வலிக்காரர், கர்ப்பிணி, வயதானவர் எல்லோருக்கும் அது இடம் தருகிறது.

பார்வையற்றவர்கள் இணையத்தில் படங்களை அறிவது, அவற்றுடன் சேர்த்து எழுதப்படும் விளக்கத்தைத் திரைவாசிப்பு மென்பொருள் உரக்கப் படிப்பதால்தான். பல கலைக்கூடங்களின் தளங்களில் அந்த இடம் காலியாக இருக்கும், அல்லது 'படம் 3' என்று இருக்கும். கலைஞர் போயானா கோக்லியாட்டும் ஃபின்னெகனும் சேர்ந்து, அந்த விளக்கத்தைக் கவிதை எழுதும் கவனத்தோடு எழுதப் பயிற்சிப் பட்டறைகள் நடத்தியிருக்கிறார்கள். முதலில் சொல்ல வேண்டியது நிறமா, உருவமா? எதை விடலாம்? இவை எழுத்தாளர் யோசிக்க வேண்டிய கேள்விகள்.

இந்தப் படைப்புகளிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான்: அணுகல் வசதி கண்காட்சியின் திட்டத்திலேயே இருக்க வேண்டும். பல இடங்களில் எல்லாவற்றையும் மாட்டி முடித்து, திறப்பு விழாவுக்கு முந்தின நாள்தான் சாய்தளம் நினைவுக்கு வருகிறது. அதற்குள் வீடியோ வசன வரிகள் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். இருட்டறையின் தரையில் மின்கம்பி கிடக்கும். மேலிருந்து தொங்கும் சிற்பம் பார்வையற்றவரின் கைத்தடிக்குத் தட்டுப்படாது, நெற்றியில்தான் இடிக்கும். விளக்க அட்டையின் எழுத்து எறும்பளவு. கலைஞர் வேலையைத் தொடங்கும்போதே கேட்டிருந்தால், தொட்டுப் பார்க்க அதே மரத்திலோ உலோகத்திலோ ஒரு துண்டைக் கொடுத்திருப்பார். மாற்றுத்திறனாளிகளை ஊதியம் கொடுத்து ஆலோசகர்களாக அழைத்திருந்தால், மற்ற எல்லாவற்றையும் அவர்களே முன்கூட்டிச் சொல்லியிருப்பார்கள்.

அணுகல் வசதி கருணை சம்பந்தப்பட்ட விஷயம் என்று நம் ஊரில் இன்னும் பலர் நினைக்கிறார்கள். ஆனால் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு, கலையை அவர்கள் அணுகும்படி செய்வதை அரசின் கடமைகளில் ஒன்றாகச் சொல்கிறது. பார்வைக் குறைபாடுள்ள ராஜீவ் ரதூரி தொடுத்த வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அணுகல் தரநிலைகளை வெறும் பரிந்துரையாக வைத்திருந்த விதி சட்டத்துக்கு முரணானது என்று சொல்லி, கட்டாயமான தரநிலைகளை மூன்று மாதங்களில் வகுக்க மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

சட்டம் தன் வேகத்தில் வரட்டும். கண்காட்சி வாசலில் ஒரு குறிப்பேடு வைத்திருப்பார்கள்; 'அருமை, வாழ்த்துகள்' என்று எழுதிவிட்டு வருவோம். அடுத்த முறை அதற்குக் கீழே ஒரு வரி சேருங்கள்: உட்கார இடம் இருந்ததா, லிஃப்ட் ஓடியதா, வீடியோவில் எழுத்து வந்ததா? படியேறி உள்ளே போக முடிந்தவர்கள்தான் அந்தக் குறிப்பேட்டில் எழுத முடியும். ஆகவே உள்ளே வர முடியாதவருக்காகவும் நாம்தான் எழுதியாக வேண்டும்.

(தொடரும்)