கறுப்புக் கோட்டும் குடிமக்களும்: பாகிஸ்தான் வழக்கறிஞர் இயக்கம்

ஆள்வோரும் ஆளப்படுவோரும் ஒரே சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பதே சட்டத்தின் ஆட்சி எனப்படும் கோட்பாட்டின் சாரம். ஆனால் அந்தச் சட்டம் எது என்று கூறும் நீதிமன்றத்துக்குத் தன் தீர்ப்பை நிறைவேற்றிக்கொள்ளத் தனிப் படை கிடையாது. அரசு தானாகப் பணிய வேண்டும், அல்லது பணிய மறுக்கும் அரசை மக்கள் பொறுக்கமாட்டார்கள் என்ற நிலை இருக்க வேண்டும். இந்த இரண்டாவது நிலையை வழக்கறிஞர்களும் குடிமக்களும் சேர்ந்து உருவாக்க முடியும் என்பதை 2007 முதல் 2009 வரை பாகிஸ்தானில் நடந்த போராட்டம் காட்டியது. அந்தக் கூட்டின் எல்லையையும் அதுவே காட்டியது.

அந்நாட்டு நீதித்துறையின் முந்தைய வரலாறு பெருமைக்குரியதன்று. 1954இல் தலைமை ஆளுநர் குலாம் முகம்மது அரசியல் நிர்ணய சபையைக் கலைத்தபோது, சபையின் தலைவர் தமிசுதீன் கான் தொடுத்த வழக்கில் சிந்து தலைமை நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. ஆனால் 1955இல் தலைமை நீதிபதி முகம்மது முனீர் தலைமையிலான கூட்டாட்சி நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது, நீதிபதி கொர்னேலியஸ் ஒருவர் மட்டுமே மாறுபட்டார். அதன்பின் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபோது பெரும்பாலும் நீதிமன்றம் அதற்கு ஏதேனும் ஒரு நியாயம் கண்டது. 1958இல் வெற்றி பெற்ற புரட்சியே சட்டத்தின் பிறப்பிடம் என்றது. 1977இலும் 2000இலும், நாட்டைக் காக்க வேறு வழியில்லாதபோது சட்டத்துக்குப் புறம்பான செயலும் செல்லும் என்னும் அவசியக் கோட்பாட்டைக் கையாண்டது. தளபதி முஷாரஃபின் ஆட்சியை ஏற்ற 2000ஆம் ஆண்டுத் தீர்ப்பை வழங்கிய அமர்வில் இடம்பெற்றவர்களுள் ஒருவர் இஃப்திகார் முகம்மது சௌத்ரி.

2005இல் தலைமை நீதிபதியான அதே சௌத்ரி, எஃகு ஆலையைத் தனியாருக்கு விற்கும் முடிவை 2006இல் ரத்து செய்ததும், காணாமற்போனவர்களைப் பற்றி உளவு அமைப்புகளிடம் விளக்கம் கேட்டதும் அரசை உறுத்தின. 2007 மார்ச் 9 அன்று ராணுவத் தலைமையகம் உள்ள ராவல்பிண்டிக்கு அவரை அழைத்த முஷாரஃப் பதவி விலகச் சொன்னார். அவர் மறுக்கவே, பணியாற்றவிடாமல் தடுத்து, நீதிபதிகள் மீதான புகார்களை விசாரிக்கும் உச்ச நீதித்துறைக் குழுவுக்குப் புகார் அனுப்பினார். வழக்கறிஞர்கள் கறுப்புக் கோட்டுடனேயே தெருவில் இறங்கி, தம் வருமானத்தை இழந்து நீதிமன்றங்களைப் புறக்கணித்தனர். மே மாதம் இஸ்லாமாபாத்திலிருந்து லாகூருக்கு, மூத்த வழக்கறிஞர் ஐத்சாஸ் அஹ்ஸன் ஓட்டிய காரில் சௌத்ரி சென்றபோது, சில மணி நேரப் பயணம் வழியெங்கும் திரண்ட மக்களால் ஏறக்குறைய ஒரு முழு நாளாக நீண்டது. அதற்கு அடுத்த வாரம், மே 12 அன்று அவர் கராச்சி சென்றிறங்கியபோது வெடித்த வன்முறையில் 40க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஜூலை 20 அன்று 13 நீதிபதிகள் கொண்ட அமர்வு அவரை மீண்டும் பதவியில் அமர்த்தியது.

அந்த வெற்றி நான்கு மாதங்கள்கூட நிலைக்கவில்லை. நவம்பர் 3 அன்று முஷாரஃப் அவசரநிலையை அறிவித்து, அரசியலமைப்பை நிறுத்திவைத்து, தம் இடைக்கால ஆணையின் கீழ் நீதிபதிகள் புதிதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றார். உயர் நீதிமன்றங்களிலும் உச்ச நீதிமன்றத்திலுமாக ஏறத்தாழ 60 நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. சௌத்ரி வீட்டுக் காவலில் வைக்கப்பட்டார். ஐத்சாஸ் அஹ்ஸன், முனீர் மாலிக், அலி அகமது குர்த் முதலிய வழக்கறிஞர் தலைவர்கள் கைதாயினர். 2008 பிப்ரவரித் தேர்தலுக்குப் பின் வந்த அரசு நீதிபதிகளை விடுவித்தபோதிலும், தலைமை நீதிபதியை மீண்டும் அமர்த்துவதை ஒத்திப்போட்டுக்கொண்டே போனது. ஆகஸ்டில் முஷாரஃப் பதவி விலகிய பின்னும் அதில் மாற்றமில்லை. 2009 மார்ச்சில் வழக்கறிஞர்களும் எதிர்க்கட்சியினரும் பொதுமக்களும் லாகூரிலிருந்து தலைநகரை நோக்கிப் பேரணியாகப் புறப்பட்ட பிறகே, மார்ச் 16 விடியற்காலையில் பிரதமர் கிலானி பணிந்தார்.

இந்த இயக்கம் இரண்டாண்டு தாக்குப்பிடித்ததற்கு அமைப்பு சார்ந்த காரணம் ஒன்றுண்டு. மாவட்டம்தோறும் இயங்கும் வழக்கறிஞர் சங்கங்கள் ஆண்டுதோறும் தேர்தல் நடத்தித் தம் நிர்வாகிகளைத் தாமே தேர்ந்தெடுப்பவை. ஆகவே தலைவர்கள் சிறை சென்றாலும் போராட்டத்தை நடத்த அடுத்த வரிசை எங்கும் ஆயத்தமாக இருந்தது. அரசியலமைப்பின் பிரிவுகளை வழக்கறிஞர்கள் தெருவில் நின்று விளக்க, தனியார் தொலைக்காட்சிகள் அதை வீடுகளுக்குக் கொண்டுசேர்த்தன. மாணவர்களும் பத்திரிகையாளர்களும், காணாமற்போனவர்களின் குடும்பத்தாரும் உடன் நின்றனர். ஒரு நீதிபதியின் பதவிப் பிரச்சினை, தன் மகனைத் தேடும் தாய்க்கு முறையிட ஓரிடம் உண்டா என்னும் கேள்வியாக மாறியபோதுதான் அது மக்கள் போராட்டமாயிற்று.

பின்விளைவுகள் கலவையானவை. நவம்பர் 3 நடவடிக்கை அரசியலமைப்புக்கு முரணானது என்று 2009 ஜூலை 31 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசியலமைப்பைக் கவிழ்க்கும் செயலை எந்த நீதிமன்றமும் செல்லுபடியாக்கலாகாது என்று 2010இன் 18ஆம் திருத்தம் விதித்தது. அதே வேளையில், யாரும் மனுச் செய்யாமலே தானாக வழக்கெடுக்கும் அதிகாரத்தைச் சௌத்ரி நீதிமன்றம் கட்டுப்பாடின்றிப் பயன்படுத்தியது என்ற கண்டனம் எழுந்தது. 2012இல் நீதிமன்ற அவமதிப்புக்காகக் கிலானி பிரதமர் பதவியையே இழந்தார். 2011இல் பஞ்சாப் ஆளுநர் சல்மான் தசீரைச் சுட்டுக்கொன்றவர் மீது வழக்கறிஞர்கள் சிலர் ரோஜா இதழ்களைத் தூவினர். 2019 டிசம்பரில் லாகூரின் இதயநோய் மருத்துவமனைக்குள் வழக்கறிஞர் கூட்டம் புகுந்து தாக்கியதில் நோயாளிகள் சிலர் உயிரிழந்தனர்.

அநீதியாக நீக்கப்பட்டவரை இருக்கையில் திரும்ப அமர்த்துவது போராட்டத்தால் முடியும். அந்த இருக்கையின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டுவதற்கு நிதானமான சட்டமியற்றலும் இடைவிடாத பொதுக் கண்காணிப்பும் வேண்டும். வழக்கறிஞர்கள் எல்லோருக்குமான சட்டத்துக்காகப் பேசிய காலத்தில் குடிமக்கள் அவர்களோடு நின்றனர்; தாமும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்களே என்பதை ஏற்கும்வரைதான் அந்தத் துணையை அவர்கள் உரிமையுடன் கேட்க முடியும்.