பழைய ஜீப்புக்கு எஞ்சின் வேலை: பணம் எங்கே போகிறது?



வரவு செலவுக் கணக்கில் "ஜீப் எஞ்சின் ஓவர்ஹால்" என்ற வரியைப் பார்த்ததும் சபைகளில் எழும் கேள்வி ஒன்றுதான். "இத்தனை வருஷத்து வண்டிக்கு இன்னும் பணம் போடுவானேன்? விற்றுவிட்டு வேறொன்று வாங்கலாமே!" நியாயமான கேள்வி. நீங்கள் வயிற்றைக் கட்டிச் சேர்த்துத் தரும் காணிக்கை எந்த இரும்புக்குள் போகிறது என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆகவே இந்த இதழில் அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

மருத்துவ ஊழியத்துக்கும் மோட்டார் வண்டிக்கும் உள்ள உறவு பழையது. வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் கிராமங்களுக்கு மருந்து கொண்டு செல்லப் பயன்படுத்திய முதல் மோட்டார் வண்டி, 1909-இல் வந்த பிரெஞ்சு நாட்டுப் பெஜோ. இரண்டாம் உலகப் போரில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் அமெரிக்காவில் செய்யப்பட்டன. போர் முடிந்தபின் 1947-இல் மகிந்திரா கம்பெனியார் வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பூட்டத் தொடங்கினார்கள். 1980-களில் வந்த எம்.எம். 540 ஜீப்பில் இருப்பது 2112 சி.சி. டீசல் எஞ்சின், அதுவும் பெஜோ வடிவமைப்புதான். பொத்தேரியில் எங்களிடம் உள்ளது இந்த வகை.

ஜி.எஸ்.டி. ரோட்டில் ஓட எந்தக் காரும் போதும். ரோட்டை விட்டு இறங்கி ஏரிக்கரை வழியாக உள்ளே போக வேண்டிய ஐப்பசி, கார்த்திகை மாதங்களில்தான் ஜீப்பின் அருமை தெரியும். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கியதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தாம்பரத்தைச் சுற்றிப் பல தெருக்களில் தண்ணீர் நின்றது. உயரமான அடிப்பாகமும் நான்கு சக்கர இழுவையும் உள்ள புது வண்டியின் விலையை விசாரித்தவர்களுக்கு, பழையதை ஏன் விடமாட்டேன் என்கிறோம் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை.

ஆனாலும் முதலில் பார்க்க வேண்டியது எஞ்சினை அல்ல, ஆர்.சி. புத்தகத்தை. பதினைந்து வருஷம் கடந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணத்தை மத்திய அரசு 2022 ஏப்ரலில் கார், ஜீப் வகைக்கு 5,000 ரூபாயாக்கியது. இருபது வருஷம் தாண்டியவற்றுக்கு 2025-இல் 10,000 ரூபாயாக்கியது. பசுமை வரி தனி. சேஸிஸ் துருப்பிடித்துப் போயிருந்தால் பதிவும் வேண்டாம், எஞ்சின் வேலையும் வேண்டாம். சட்டம் உறுதியாக இருந்தால் மட்டுமே மேலே பேச வேண்டும்.

"புதுப்பேட்டையில் ஒரு பழைய எஞ்சினை வாங்கி மாட்டிவிடலாமே, மலிவாயிற்றே" என்பார்கள். எழும்பூரில் ரயிலை விட்டு இறங்கினால் புதுப்பேட்டை பக்கம்தான், எஞ்சின்களும் கிடைக்கும். ஆனால் எஞ்சின் நம்பர் ஆர்.சி. புத்தகத்தில் ஏறியிருக்கிறது. வேறு எஞ்சின் மாட்டினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி பெற்றுப் பதிய வேண்டும். அந்த எஞ்சின் எந்த வண்டியில் இருந்தது, எத்தனை மைல் ஓடியது, யாருடையது என்பதற்கும் அத்தாட்சி வேண்டும். தானமாக வந்த பணத்தில் அப்படிப்பட்ட பொருளை வாங்க எங்களுக்கு மனமில்லை. சொந்த பிளாக்கையே புதுப்பித்தால் நம்பர் மாறாது.

அடுத்தது, எஞ்சின் உண்மையிலேயே தேய்ந்துவிட்டதா என்பது. புகையைப் பார்த்தவுடன் "எஞ்சின் இறக்கணும்" என்று சொல்கிறவர்கள் உண்டு. கறுப்புப் புகை பெரும்பாலும் நாசில் கோளாறு அல்லது அடைத்துப்போன ஏர் ஃபில்டர், சிறு செலவு. நீலப் புகை வந்து, ஆயிலும் குறைந்துகொண்டே போனால் அது ஆயில் எரிகிற அடையாளம். காலையில் பலமுறை செல்ஃப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது, வெள்ளைப் புகை கக்குகிறது, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று மூச்சு விடுகிறது (மெக்கானிக்குகள் இதைப் "பேக் கம்ப்ரஷன்" என்பார்கள்) என்றால் ரிங்கும் லைனரும் தேய்ந்துவிட்டன என்று கொள்ளலாம். அப்போதும் கம்ப்ரஷன் கேஜ் வைத்து நான்கு சிலிண்டரையும் அளந்து எழுதிக்கொண்ட பிறகே ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

இதற்குக் காரணம் எளிது. டீசல் எஞ்சினில் தீப்பொறி கொடுக்கும் பிளக் கிடையாது. காற்றை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக நசுக்கும்போது உண்டாகும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. ரிங் தேய்ந்தால் காற்று பக்கவாட்டில் நழுவிவிடும், சூடு ஏறாது. தேய்ப்பது யார் என்றால், அநேகமாகப் புழுதிதான். ஏர் ஃபில்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயில் ஒரு சிறு வெடிப்பு போதும். செம்மண் புழுதி உள்ளே போய், நல்ல லைனரை உப்புத்தாள் போட்டதுபோல் தேய்த்துவிடும்.

எஞ்சினைப் பிரித்துக் கழுவியபின் நடக்கும் அளவெடுப்பில்தான் சிக்கனம் அடங்கியிருக்கிறது. சிலிண்டரின் மேல்பகுதியில், முதல் ரிங் திரும்பும் இடத்தில் தேய்மானம் அதிகம். வட்டமாக இருந்தது முட்டை வடிவமாகியிருக்கும். அதில் புது ரிங்கை மட்டும் போட்டு மூடுவது மலிவான வைத்தியம். ஆனால் கோணிய சுவரில் வட்டமான ரிங் படியாது. சில மாதத்தில் அதே புகை திரும்ப வரும். இரண்டு முறை கூலி கொடுப்பதுதான் மிச்சம்.

இந்தப் பெஜோ வகை எஞ்சினில் ஒரு நன்மை உண்டு. லைனர்கள் தனித்தனிக் குழாய்களாகத் தண்ணீரைத் தொட்டு நிற்பவை. பழையதைத் தட்டி எடுத்துவிட்டு 90 மில்லிமீட்டர் புது லைனரும் பிஸ்டனும் ரிங்கும் செட்டாகப் போடலாம். பிளாக்கைக் குடையத் தேவையில்லை. ஆனால் லைனர் பிளாக் முகத்துக்கு மேல் மயிரிழை உயரம் எழும்பி நிற்க வேண்டும். அது பதிந்து போனால் ஹெட் கேஸ்கெட் அடிக்கடி போகும். அந்த உயரத்தை டயல் கேஜ் வைத்துப் பார்க்காத இடத்தில் வேலை கொடுக்காதீர்கள்.

கிராங்க் ஷாஃப்ட்டை மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்து, கழுத்துகள் வட்டமாக இருந்தால் மெருகு போட்டு அப்படியே விடலாம். இல்லையென்றால் "பத்து தௌ", அதாவது 0.25 மில்லிமீட்டர் குறைத்துக் கிரைண்டிங் செய்து, அதே அளவுக்குரிய பேரிங் போட வேண்டும். லேத்துக்குக் கொண்டுபோவதற்கு முன்பே பேரிங் வாங்கிவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை.

வெள்ளத்தில் இறங்கிய வண்டியானால் இன்னொரு விசாரிப்பு உண்டு. காற்று நசுங்கும், தண்ணீர் நசுங்காது. ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் புகுந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வளைந்த ராடோடும் வண்டி ஓடும்; புது லைனரை ஒரு பக்கமாகத் தின்றுகொண்டு ஓடும். நான்கு ராடுகளையும் லேத்தில் சரிபார்க்க ஆகும் கூலி மிகச் சொற்பம்.

எங்கே மிச்சம் பிடிக்கலாம்? இறக்குவது, கழுவுவது, துரு சுரண்டுவது ஆகியவற்றை எங்கள் டிரைவரே உதவியாளோடு செய்துவிடுவார். கேம் ஷாஃப்ட், கியர்கள், ராடுகள் அளவில் இருந்தால் மறுபடியும் அவையே. பெயின்ட் அடிப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆனால் பேரிங், ஆயில் சீல், கேஸ்கெட், ரப்பர் குழாய்கள் ஆகியவற்றில் பழையதைத் திரும்பப் போடுவதில்லை. ஆயில் பம்பைத் திறந்து பார்க்காமல் மூடுவதுமில்லை. நாசில்களைப் பம்ப் வேலை செய்யும் கடையில் பிரஷரில் சோதித்தாக வேண்டும். ஒழுகும் நாசில் ஒன்று புது பிஸ்டனையே ஓட்டை போட்டுவிடும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் சாமான் வாங்கும்போது பில்லோடுதான் வாங்குகிறோம். பில் இல்லாமல் தரும் தள்ளுபடியில் பெட்டி மட்டும் அசலாக இருக்கக்கூடும். மைக்கோ என்று நாம் அறிந்திருந்த கம்பெனி 2008 முதல் பாஷ் என்ற பெயரில்தான் இருக்கிறது. இன்று புதிதாய் "மைக்கோ" பெட்டி நீட்டினால் யோசியுங்கள்.

சில சபைகளில் இன்னும் பெட்ரோல் ஜீப் இருப்பதாக அறிகிறோம். அந்த 2199 சி.சி. ஹரிகேன் எஞ்சினில் லைனர் இல்லை. பிளாக்கைப் போரிங் செய்து பெரிய பிஸ்டன் போட வேண்டும். ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியோடு நாடு முழுவதும் நின்றுவிட்டதால், எக்ஸாஸ்ட் வால்வுக்குக் கடினமான சீட் போடுவது நலம். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பதால் பழைய ரப்பர் குழாய்களும் பெட்ரோல் பம்பின் டயஃப்ரமும் இளகிவிடும். அவற்றையும் இந்தச் செலவோடு மாற்றிவிடுங்கள்.

பூட்டி முடித்தபின் உடனே ஸ்டார்ட் செய்யக் கூடாது. டீசலை நிறுத்தி வைத்து, ஆயில் விளக்கு அணையும் வரை செல்ஃப் மட்டும் அடிக்க வேண்டும். ஓடத் தொடங்கியபின் வெகுநேரம் சும்மா ஐடிலில் விட்டால் லைனர் சுவர் கண்ணாடிபோல் வழவழப்பாகி ரிங் படியாமல் போகும். மிதமான பாரத்தோடு, வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டுவதே நல்லது. முதல் 500 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, மெக்கானிக் சொல்லும் முறைப்படி ஹெட் போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்துச் சரிபார்க்க வேண்டும். அந்த முதல் ஆயிலை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பார்ப்பது எங்கள் வழக்கம். நுண்ணிய பொடி மின்னினால் பயமில்லை. செதில் செதிலாக உலோகம் வந்தால் அடுத்த கிராமத்துக்குப் புறப்படுவதற்கு முன்பே பேரிங்கைத் திறந்து பார்த்துவிடுவோம்.

லேத்தில் கொடுத்த அளவுச் சீட்டும் எல்லா பில்களும் ஃபைலில் இருக்கின்றன. பொத்தேரிக்கு வருகிறவர்கள் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.